சொல்யூஷன் போட்டு ஒட்டிய சென்சார்

தாராவிப் பட்டறையில் மூவர் இருக்கிறோம்: தையல் மிஷின் ஸ்டூலில் அப்துல் வாஹித், தோல் கட்டின்மேல் அவர் மகள் பரீஹா, வெட்டுமேசையருகே வேறு சென்சார் கேட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுதும் நான். மேசைமேல், சர்க்கரை இறங்கினால் போனைக் கத்தவைக்கும் அவருடைய சென்சார், ஒரு சட்டைப் பொத்தானைப் போலக் கிடக்கிறது. இரண்டு வாரம் கையில் ஒட்டியிருக்க வேண்டியது, நாலாம் நாளே வியர்வையில் கழன்றது. அவர் பர்ஸ் ஒட்டும் சொல்யூஷனைத் தடவித் திரும்ப ஒட்டிக்கொண்டார். அதோடு போன் ஊமையாகிவிட்டது. நேற்று சர்க்கரை இறங்கி மிஷின்மேலேயே சாய்ந்தபோதும் அது கத்தவில்லை. பிய்த்தெடுத்த இடம் கையில் சிவந்து மினுங்குகிறது.

“வாப்பா, இது கையா, செருப்பா?”

“ஏளா, நம்ம சொல்யூஷன் ஒட்டுனா ஒட்டுனதுதான். அண்ணாச்சி, தானா களண்டுட்டுன்னு மட்டும் எழுதுங்க.”

“உள்ளதை எழுதுங்க மாமா. மோந்து பாத்தாலே கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சிருவான். அப்புறம் வேற சென்சார் வராது. அடுத்த தடவை இவங்க விழுந்தா யாருக்குத் தெரியும்?”

‘நான்காம் நாள் தானாகக் கழன்றது, பின்பு பசையிட்டது எங்கள் பிழை’ என்று எழுதி, சென்சாரோடு கவரில் இடுகிறேன். மழை ஈரத்தில் கவர் ஒட்ட மறுக்கிறது. நான் நிமிர்வதற்குள் வாஹித் பிரஷ்ஷை சொல்யூஷன் டப்பாவில் முக்கி, மடிப்பில் இழுத்து, அழுத்திவிடுகிறார்.

“இப்பப் பிரியட்டும், பாப்போம்.”

பரீஹா கவரைப் பறித்துக்கொண்டு வாசலுக்குப் போகிறாள். கூரியர்காரர் கை நீட்டுகிறார். கவர் அவள் விரலை விடமாட்டேன் என்கிறது.