கண்ணுக்குக் கீழே

“கட்டினவன் அங்க இடுப்பு ஒடிஞ்சு படுத்துக் கிடக்கான். இவளுக்கு இங்க அழகு ஊசி கேக்குது!”

நாத்தனார் இதை மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் மெதுவாகச் சொன்னாலே தோல் கிளினிக் வாசலில் இருக்கிற வாட்ச்மேனுக்கும் கேட்கும்.

தம்பி பெண்டாட்டிக்கு இரண்டு கண்ணுக்குக் கீழேயும் சிவந்து தடித்திருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலில் ஆடுகிற நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியான வெயில் அதன் வழியாக வந்து, அறை முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பது போலத் தெரிந்தது.

“காலைல வந்து இறங்கினதும் உன் மூஞ்சியைப் பார்த்துப் பதறிட்டேன். பாவம், அழுது அழுது வீங்கியிருக்குன்னு நானும் ஒரு பாட்டம் அழுதேன். அத்தனை கண்ணீரும் வேஸ்ட்டு!”

“தப்புதான் அண்ணி.”

“அவன்கிட்ட சொன்னியா?”

“சொல்லலை. நீங்களும் தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க.”

“சொல்லாம? வீட்டுக்குப் போன கையோட சொல்லிட்டு, சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கிறேனா இல்லையா பாரு.”

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா வீக்கத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

“பள்ளத்தை நிரப்ப உள்ள போட்ட ஃபில்லரை உங்க உடம்பு ஏத்துக்கலை. மாத்திரை தர்றேன். ஆனா ஊசி போட்டுக் கரைச்சு எடுத்துடறதுதான் நல்லது.”

“கரைச்சா பழையபடி பள்ளமும் கறுப்பும் வந்துடுமா டாக்டர்?”

“வரும்.”

“வீக்கம் இருந்துட்டுப் போகட்டும். கொஞ்ச நாள் அப்படியே விட்டு வைக்க முடியாதா?”

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். “கேட்டீங்களா டாக்டர்? கண்ணே போனாலும் பரவாயில்லை, கறுப்பு தெரியக் கூடாதாம்!”

“விட்டு வச்சா கட்டி தட்டிப் போயிடும்மா. ஆமா, ஊசி போட்ட அன்னைக்குக் குனியாதீங்க, கனமா எதையும் தூக்காதீங்க, தலையை உயர்த்தி வச்சு நல்லா தூங்குங்கன்னு சொன்னேனே. செஞ்சீங்களா?”

“தூங்கவா?” என்று அவள் சிரித்தாள். டாக்டரம்மாவுக்கு அதில் என்ன சிரிப்பு என்று புரியவில்லை.

கரைக்கிற மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று கையில் ஒரு சொட்டு குத்திப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்களாம். நர்ஸ் அவள் கையில் குத்தி, கண்ணுக்குக் கீழே ஈரப் பஞ்சை வைத்து, சாய்வு நாற்காலியில் படுக்கவைத்தாள். தலை சாய்ந்ததுதான் தாமதம், தூங்கிப்போனாள். திரை ஆட ஆட வெளிச்சம் அவள் முகத்தில் வந்து வந்து போனது. தூக்கத்திலேயே இரண்டு கையையும் நீட்டி எதையோ தாங்கிப் பிடித்தாள்.

“மெதுவா... என் தோளைப் பிடிச்சுக்குங்க... அவ்வளவுதான்...”

வெளியே மேஜையில் யாரோ மணியைத் தட்டினார்கள்.

“வந்துட்டேங்க!”

துள்ளி எழுந்தவள், கழுத்தில் தொங்கிய சின்ன பிளாஸ்டிக் டப்பாவைப் பிடித்துப் பார்த்தாள். கட்டிலில் கிடக்கிறவன் பொத்தானை அழுத்தினால் அதில் மணி அடிக்கும். பகலுக்கு ஆள் போட்டிருக்கிறார்கள். ராத்திரிக்கு இவள்தான்.

“இது உன் வீடு இல்லம்மா. படு” என்றாள் நாத்தனார்.

மறு நொடியே தூங்கிவிட்டாள். ஊசி போட்டு முடித்து, டாக்ஸியில் ஏறி உட்கார்ந்தும் தூங்கினாள். தெருக்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கண்ணாடியில் மிதந்து போயின. வீட்டுக்குள் நுழைந்து சோபாவில் விழுந்தவள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

நல்லா தூங்கட்டும், நமக்கும் வசதி என்று நாத்தனார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தம்பி அறைக்குள் போனாள்.

மாத்திரை மயக்கத்தில் அவன் பாதிக் கண்ணைத் திறந்தான்.

“வா அக்கா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“எனக்கும்தான் சொல்லணும். சரி, நீயே முதல்ல சொல்லு.”

“நடுவுல அவ கண்ணு ரெண்டும் குழி விழுந்து கறுத்துப் போயிருந்துது அக்கா. எல்லாம் என்னாலதானேன்னு, ராத்திரி உயிர் போற மாதிரி வலிச்சாலும் மணி அடிக்க மாட்டேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு புரளாம மல்லாந்தே கிடந்து, முதுகுல படுக்கைப் புண் வந்துடுச்சு. ‘ஏன் கூப்பிடலை’ன்னு கெஞ்சுவா, அழுவா. ‘முதல்ல போய் உன் கண்ணைக் கண்ணாடியில பாரு’ன்னேன்.”

நாத்தனாரின் பை தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

“அப்புறம் என்ன மாயமோ, ஒருநாள் பார்த்தா கறுப்பே இல்லை. ‘நல்லா தூங்கறேங்க’ன்னா. அதுக்கப்புறம்தான் மனசு உறுத்தாம கூப்பிடறேன். அவ வந்து என்னைப் புரட்டிப் படுக்க வைக்கிறது கனவு மாதிரி இருக்கும். புண்ணும் ஆறிடுச்சு. இப்ப ஏதோ வீக்கம்னாளே, டாக்டர் என்ன சொன்னாங்க?”

நாத்தனார் விழுந்த பையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

“பூச்சிக் கடிடா. ஆறினதும் மறுபடி கொஞ்சம் கறுப்பாத் தெரியுமாம். அதைப் பார்த்துட்டுக் கூப்பிடாம கிடந்துடாதே.”

“சரிக்கா. நீ ஏதோ சொல்லணும்னியே? பஸ்ஸுக்கு நேரமாச்சா?”

“பஸ்ஸு தினமும்தான் போகுது. இரு, வர்றேன்.”

வெளியே போனாள். சோபாவில் தூங்குகிறவளின் செருப்பைக் கழற்றினாள். கழுத்தில் கிடந்த டப்பாவை அவள் அசையாதபடி எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

“எங்க, ஒரு தடவை அடி. எனக்குக் கேக்குதான்னு பார்ப்போம்.”