வயிறு நிறைய

“அடுப்படிக்குப் பூட்டு! எந்த ஊர்லயாவது கேள்விப்பட்டிருக்கியா?” என்று கேட்டாள் ஜெபமாலை.

தங்கச்சிமடத்தில் அந்தத் தெருவே கேள்விப்பட்டிருந்தது. சுனாமிக்கு அடுத்த வருஷம் செபஸ்தியானுக்கு இரண்டாம் தாரமாக வந்த வேளாங்கண்ணி, வந்த கொஞ்ச நாளிலேயே செய்த காரியம் அது. மூத்தவள் விட்டுப்போன மகள் சலேத்துக்குப் பத்து வயது. சோறு, குழம்பு, சீனி டப்பா எல்லாம் பூட்டுக்குள்ளே. சாவி சித்தியின் இடுப்பில்.

“பிள்ளை குண்டாத்தானே இருக்கு?” என்றாள் குழாயடியில் ஒருத்தி.

“அது சோத்துல வந்த உடம்பா? பட்டினி கிடந்து ஊதின உடம்புடி. கண்ணைப் பாரு, சோறு சோறுன்னு அலையுது.”

ஜெபமாலைக்கு இளகின மனசு. வாயும் கொஞ்சம் நீளம்.

புயலில் மாட்டிய புருஷன் இன்னாசி உயிரோடு கரை சேர்ந்தால், செவ்வாய்தோறும் பசித்த பிள்ளை ஒன்றுக்கு வயிறு நிறையச் சோறு போடுவதாக அந்தோனியாருக்கு நேர்ந்திருந்தாள். இன்னாசி வந்துவிட்டான். பசித்த பிள்ளைக்கு எங்கே போவது? அந்தோனியாரே பார்த்து அடுத்த வீட்டில் ஒன்றை வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் சலேத் கொல்லை வழியாக வருவாள். சுடுசோறு, நகரை மீன் குழம்பு.

“வயிறு நிறைஞ்சுச்சா ஆத்தா?”

“இல்ல பெரியம்மா.”

இன்னொரு தட்டு.

“இப்ப?”

“இல்ல.”

பானையைச் சுரண்டிப் போடும்போது ஜெபமாலைக்கு அழுகையே வந்துவிடும். எப்படிக் காயப்போட்டிருந்தால் பிள்ளைக்கு இப்படிப் பசிக்கும்! படுபாவி.

விஷயம் தெரிந்து வேளாங்கண்ணி வாசலுக்கு வந்தாள்.

“அக்கா, கும்பிட்டுக் கேக்குறேன், அவளுக்கு ஒண்ணும் குடுக்காதீங்க. மதுரை டாக்டரு அளந்துதான் போடச் சொல்லியிருக்காரு.”

“பிள்ளையைப் பட்டினி போடச் சொல்ற டாக்டரா? நீ பெத்த பிள்ளையா இருந்தா இப்படிச் செய்வியா?”

வேளாங்கண்ணி திரும்பிப் போனாள். பதில் இல்லாததால்தான் போனாள் என்று ஜெபமாலை தெரு முழுக்கச் சொன்னாள்.

அடுத்த செவ்வாய், சலேத் சாப்பிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டில் அலறல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்ட பிள்ளையை ஆட்டோவில் தூக்கிப் போட்டு ராமநாதபுரம் கொண்டுபோனார்கள். பிழைத்து வீடு வந்ததே பெரிய காரியம்.

“பட்டினி போட்டே குடலைப் புண்ணாக்கிட்டா!” ஜெபமாலை பொங்கிவிட்டாள். ஒரு கையில் சோற்றுச் சட்டி, மறு கையில் அம்மிக் குழவி, பின்னால் தெருப் பெண்கள் நாலைந்து பேர்.

சட்டியை வேளாங்கண்ணி வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு நேரே அடுப்படிக் கதவுக்குப் போனாள்.

“இன்னைக்கு இந்தப் பூட்டை உடைக்காம போகமாட்டேன்!”

“உடைங்கக்கா. ஆனா கேட்டுட்டு உடைங்க.” வேளாங்கண்ணி கதவோரம் வந்து நின்றாள். “நமக்கெல்லாம் சாப்பிட்டா பசி ஹார்மோன் அடங்கிருமாம். போதும்னு மூளைக்குச் சேதி போயிருமாம். இவளுக்குப் பிறவியிலயே அது அடங்குறதில்லன்னு டாக்டரு சொன்னாரு. சாப்பிட்டு எந்திரிச்ச கையோட திரும்பப் பசிக்கும். நடிப்பு இல்லக்கா, நெசமாவே பசிக்கும். வயிறு கிழிஞ்சாக்கூட நிறைஞ்சது தெரியாது. செவ்வாக்கிழமை கிழியிற நிலைமையிலதான் தூக்கிட்டு ஓடுனோம்.”

“பசிக்கு ஒரு நோயா? நல்லாக் கதை விடுற!”

ஜெபமாலை குழவியை ஓங்கினாள்.

“பெரியம்மா, வேணாம்!”

பாயில் கிடந்த சலேத் எழுந்து ஓடிவந்து பூட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

“சித்தி தானாப் பூட்டலை. நான்தான் பூட்டச் சொன்னேன்.”

ஓங்கிய கை அப்படியே நின்றது.

“திறந்து கிடந்தா அங்கனயே நினைப்பு ஓடும். பாடம் ஏறாது, தூக்கம் வராது. பூட்டிட்டா, இனிமே கிடைக்காதுன்னு மனசு கொஞ்சம் அடங்கும். அப்பா பூட்டு வாங்க மாட்டேன்னாரு, ஊரு ஏசும்னு. சித்திதான், என்னைய ஏசிட்டுப் போகட்டும்னு வாங்கியாந்துச்சு.”

ஜெபமாலை குழவியைக் கீழே வைத்தாள்.

“ஏண்டி, அப்ப என்கிட்ட வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சோத்தைப் பார்த்துட்டா என் வாயி சொல்லாது பெரியம்மா.”

தெருப் பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஜெபமாலை படியில் இருந்த சட்டியை அவசரமாக எடுத்து முந்தானைக்குள் மறைத்தாள். சலேத்தின் கண் அந்த முந்தானையை விட்டு நகரவில்லை. பார்த்தபடியே, கண்ணில் நீர் முட்டச் சொன்னாள்:

“உங்க வீட்டு அடுப்படிக்கும் ஒரு பூட்டு போடுங்க பெரியம்மா.”