மரகதத்தின் தலையாட்டல்

கரூரில் போர்வை ஏற்றுமதி செய்யும் மரகதம், வெளிநாட்டு நிறுவனத்தார் காணொளியில் பேசப் பேச, கேட்கிறேன் என்பதற்காகத் தலையாட்டினாள். அவர்களுடைய இயந்திரம் ஒவ்வோர் ஆட்டத்தையும் ஒப்பந்தத்துக்கு அவள் இட்ட கையெழுத்தாகப் பதிந்துகொண்டது. அவளுடைய தறிக்கூடம் அவர்கள் பெயருக்குப் போனது. அந்த நாட்டு நீதிமன்றத்திலேயே வழக்குப் போட்டாள்.

“பூம்பூம் மாடாட்டம் ஆட்டிப்போட்டு வந்துட்டீங்களேக்கா,” என்றார் வக்கீல். “சம்மதத்துக்கு நாம தலையாட்டறதே இல்லைன்னுதான் வாதாடறோம். வீட்டுல ஒருக்கா ஆட்டினாலும் ஏதாச்சும் கேமரா புடிச்சு அவங்களுக்குக் குடுத்துரும்.”

அன்றிலிருந்து பால்காரரின் சட்டைப் பொத்தானைக்கூட அவள் உற்றுப் பார்த்தாள்.

வழக்குப் போட்ட எட்டாம் மாதம் ஒரு மாலை, மகள் நறுமுகை அருகில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு வருடமாக மரகதம் வேண்டாமென்று சொல்லிவந்த பையனைப் பற்றித்தான் பேச்சு.

“அவனையே கட்டிக்கட்டுமாம்மா? வாயால சொல்ல வேண்டாம். தலைய ஆட்டு, போதும்.”

மரகதத்தின் மனம் எப்போதோ இளகியிருந்தது. ஆனால் கண் மகளின் மடியிலிருந்த கைபேசிக்குப் போயிற்று.

“தலைய ஆட்டச் சொல்லிக் கேக்கோணும்னு உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

நறுமுகை கைபேசியை அம்மாவின் கையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது.