கௌஸ் விட்டுப்போன கேசட்

புந்தோங்கில் மாலை மழை தகரக்கூரையில் இரைகிறது. கூட்டாளி கௌஸ் சிங்கப்பூர் போகுமுன் தன் கிதாரை வாசித்துப் பதிந்துகொடுத்த கேசட்டைப் பத்துமலை ஓடவிடுகிறான். பேட்டரி தளர்ந்து சுருதி இறங்கியிருக்கிறது. அதற்கேற்பத் தன் கிதார்க் கம்பிகளையும் தளர்த்திக்கொள்கிறான். ஜாஸ் நடையில் நாலைந்து மைனர் கார்டுச் சுரக்கூட்டுகள் அவசரமில்லாமல் சுற்றிவருகின்றன. நான்காம் சுற்றில் கௌஸின் குரல், "மாசோக், மச்சான்," என்று வழக்கம்போல அவனை உள்ளே அழைக்கிறது. பத்துமலை நுழைகிறான். ஒற்றைச் சுரத்தை வளைத்து, அடுத்த கார்டு வந்து தாங்கும்வரை விடாமல் பிடித்திருக்கிறான். அவன் எங்கே போனாலும் கார்டுகள் வழிவிடுகின்றன, பதில்தான் சொல்வதில்லை. பக்கத்து வீட்டு நல்லம்மாள் பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்கிறாள்: "தம்பி, கௌஸ் வந்துட்டானா? ரெண்டு கிளாஸ் தே ஆத்தவா?" அவன் விரல் கம்பியிலேயே நிற்கிறது. கார்டுகள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

"ஒண்ணு போதும்க்கா."