இதமியைக் கழற்றிய முதலாளி

பூங்கோதையின் பம்ப் கம்பெனியில் எல்லோர் காதிலும் இதமி என்ற கருவி இருந்தது, முதலாளியான அவள் காதிலும்தான். ஒருவர் எரிந்து விழுந்தாலும் மற்றவர் காதில் அது கனிவாகத்தான் கேட்கும். இதமி மாட்டாத கம்பெனியில் எவரும் பணம் போடுவதில்லை.

அன்று புது மாடல் பம்புகள் லாரியோடு திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் ஒழுகல். பூங்கோதை நேராக லேத் மெஷினில் நின்ற மயில்சாமியிடம் போனாள்.

“அறிவிருக்கா உனக்கு? என் பேரையே கெடுத்துட்டியே.”

காதில் விழுந்த பாராட்டைக் கேட்டு அவன் நெளிந்தான். “ரொம்ப நன்றிங்க அக்கா.”

அந்த நன்றியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தன் இதமியைப் பிடுங்கினாள், அவனுடையதையும் பிடுங்கினாள். இதமி கழன்றதும் கூரையில் எச்சரிக்கை மணி அலறியது. அதற்கும் மேலே குரலை உயர்த்தி, சொன்னதையே திரும்பச் சொன்னாள்.

மயில்சாமியின் முகம் சிவந்தது. “அறிவு இருக்கப் போய்த்தானுங்க அளவு தப்புன்னு அன்னிக்கே சொன்னேன். நீங்க சிரிச்சுட்டே போனீங்க.”

“நீ அருமையான டிசைன்னுதானே சொன்னே?”

“நானா? இது பம்பு இல்ல, சல்லடைன்னு சொன்னனுங்க.”

பூங்கோதையின் போன் அடித்தது. பணம் போட்டவர்கள். அவள் எடுக்கவில்லை. இரண்டு இதமிகளையும் எண்ணெய் வாளியில் போட்டுவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

“வேற என்னென்ன சொன்னே? ஒண்ணு விடாம சொல்லு.”

மற்ற மெஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோர் கையும் காதிலிருந்த இதமிக்குப் போனது.