வெளிமாநில டூர்

"வெளிமாநிலம் அத்த! பர்மிஷன்லாம் வாங்கி நோட்டீஸே ஒட்டிட்டாங்க!"

புதுக் கூலிங்கிளாசை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெண்ணிலா சொல்ல, செல்வகுமாரிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. நாத்தனார் மகள் டூர் போகிறாள். தன் மகள் தென்றலோ உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

இரண்டு பெண்களும் எட்டாவதுதான். ஆனால் மடுகரை ஊர் ஓரத்தில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. நாத்தனார் பிரேமா வாழ்க்கைப்பட்டது அந்தப் பக்கம். அதனால் வெண்ணிலாவுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம்.

எங்கேயோ ஒரு டூர் பஸ் கவிழ்ந்ததாக டிவியில் காட்டினார்கள். உடனே தென்றலின் பள்ளியில் பெற்றோரைக் கூட்டிப் பேசி ஊட்டி டூரை ரத்து செய்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில், "புள்ளைங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா யாரு பொறுப்பு?" என்று முதலில் எழுந்து கேட்டது செல்வகுமாரிதான். அதை அவள் வசதியாக மறந்துவிட்டாள்.

"எந்த ஊருடி? மைசூரா, திருப்பதியா?"

"சொல்ல மாட்டேன். சர்ப்ரைஸ்!" மாமனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வெண்ணிலா ஓடிவிட்டாள்.

மாமன் தணிகைவேல், செல்வகுமாரியின் கணவர், தலை நிமிராமல் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். கொல்லையில் பம்ப்செட்டுத் தொட்டியைப் பாசி போகத் தேய்த்துவிட்டு இப்போதுதான் வந்திருந்தார்.

"உங்க தங்கச்சி பொண்ணு வந்து பீத்திக்கினு போவுது. நம்ம புள்ள சோறு துன்னாம கெடக்குது. உங்களுக்கு இன்னா கயிறு வேண்டிக்கெடக்கு?"

"வுடு செல்வி, புள்ளைங்கதானே."

அவ்வளவுதான் அவர் பேச்சு. திரும்பின பக்கமெல்லாம் சாராயக் கடை இருக்கிற ஊரில் ஒரு சொட்டுத் தொட்டறியாத மனுஷன். அதட்டிப் பேசவும் தெரியாது.

பிரேமா வீட்டுக்கு ஏ.சி. வந்தபோதும் செல்வகுமாரிக்குப் புகைந்தது, ஸ்கூட்டி வந்தபோதும் புகைந்தது. அதெல்லாம் நாலு நாளில் அடங்கிவிட்டது. இது பெற்ற பெண் விஷயம். ஊட்டிக் குளிருக்கென்று ஆசையாய் எடுத்து வைத்த ஸ்வெட்டரைத் தென்றல் இன்னும் பையிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பையைப் பார்க்கப் பார்க்கத் தாங்க முடியவில்லை.

தணிகைவேல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனதும் போனை எடுத்தாள். பிரேமா ஸ்டேட்டஸில் வைத்திருந்த நோட்டீசில் 'வெளிமாநிலக் கல்விச் சுற்றுலா' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எந்த இடம் என்று இல்லை. ஆனால் கீழே எச்.எம். நம்பர் இருந்தது.

"ஒரு பேரண்ட்டு பேசறேன் சார். வெளிமாநிலத்துக்குக் கூட்டிக்கினு போறீங்களே, பஸ்சுல எல்லாம் சரியா இருக்கா?"

"பஸ்ஸே இல்லியேம்மா..."

"பஸ்சும் இல்லியா? அப்ப வேன்ல அடைச்சிக்கினு போவப் போறீங்க! சரி, தண்ணி கிண்ணி இருக்கற எடமா?"

எச்.எம். குரல் இறங்கியது. "தொட்டி ஒண்ணு இருக்குன்னாங்க. பெருசெல்லாம் இல்லம்மா."

"ஆழம் பாத்தீங்களா? ஒரு புள்ள வுழுந்தா யாரு சார் தூக்கறது?"

"எடத்துக்காரர் கூடவே இருப்பாரும்மா. நல்ல மனுஷன்னு சொன்னாங்க."

"யாரு, அவனா? மொடாக்குடிகாரன் சார் அவன்! எனக்கு நல்லாத் தெரியும்!"

இடமும் தெரியாது, ஆளும் தெரியாது. வாய்க்கு வந்ததை அடித்துவிட்டு, "நீங்க யாரோட பேரண்ட்டும்மா?" என்று அவர் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாள். மனசு குளுகுளுவென்றிருந்தது. என் பெண் போகாத டூர் எவளுக்கும் வேண்டாம்.

சாயங்காலம் வெண்ணிலா வந்தாள். கூலிங்கிளாஸ் இல்லை. கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

"டூரு கேன்சலு அத்த. எவளோ போன் பண்ணிட்டாளாம்."

"அடப் பாவமே! எந்தப் பாவிடி அவ?" முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள செல்வகுமாரி மிகவும் பாடுபட வேண்டியிருந்தது.

"தென்றலயும் சேத்துக்கறேன்னு எச்.எம். சாரு ஒத்துக்கினாரு அத்த. நான்தான் கெஞ்சிக் கேட்டேன். ஊட்டி போச்சின்னு அவ எம்மாம் அழுதா! திடீர்னு சொன்னா குதிப்பாளேன்னு இம்மாம் நாளு வாய மூடிக்கினு இருந்தோம்."

படுத்திருந்த தென்றல் எழுந்து வாசற்படிக்கு வந்து நின்றாள். செல்வகுமாரிக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

"வேற இஸ்கூல் புள்ளய எப்பிடிடி சேத்துக்குவாங்க?"

"எடத்துக்காரரும் கூட சேந்து கேட்டா சாரு மாட்டேன்னு சொல்லுவாரா? ஆனா அவரையே மொடாக்குடிகாரருன்னு சொல்லிட்டா அத்த, அந்தப் பொம்பள! சாரு பயந்துட்டாரு." வெண்ணிலா மறுபடி விசும்ப ஆரம்பித்தாள்.

"அழுவாதடி. யாரு அந்த எடத்துக்காரன்? சொல்லு, நானே போய்ப் பேசறேன்."

வெண்ணிலா கயிறும் கையுமாய் நின்ற மாமனைப் பார்த்தாள். கொல்லைப் புளியமரத்தில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்ட முறுக்கிய கயிற்றைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, தணிகைவேல் மெல்லச் சொன்னார்.

"அந்தக் குடிகாரன் நான்தான் செல்வி."