குளித்துவிட்டு வந்த பாத்திரங்கள்

சமையலறைக்குப் புதிதாக வந்த பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு ஒரு கவலை. பாத்திரங்கள் எல்லாம் குழாயடியில் நன்றாகக் குளித்துவிட்டுத்தான் அதனுள் நுழைந்தன. அதுவும் வேறு வழியின்றிப் பளபளத்தவற்றையே மறுபடி கழுவியது.

மாடியிலிருந்த தண்ணீர்த்தொட்டி ஒருநாள் குழாய் வழியே குரல் கொடுத்தது. "தம்பி, நீ வந்தால் தண்ணீர் மிஞ்சும் என்றார்கள். நானோ மத்தியானமே காலியாகிவிடுகிறேன். இன்றும் இப்படியே நடந்தால் உன்னைக் கடைக்கே திருப்பி அனுப்பப்போகிறார்கள்."

இயந்திரம் பதறிப்போய், குழாயை நோக்கி நடந்த வாணலியைக் கதவை விரித்து மறித்தது. "அக்கா, இன்றைக்கு அப்படியே உள்ளே வாருங்கள்!"

"ஐயோ, உடம்பெல்லாம் உப்புமா! இந்தக் கோலத்தில் பார்த்தால் நீ என்னைப் பற்றி என்ன நினைப்பாய்?"

"ஒட்டியதை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு வாருங்கள். கழுவத்தானே நான் இருக்கிறேன்?"

வாணலி கூச்சத்தோடு நுழைந்தது. "அக்காவே போய்விட்டார்களே!" என்று தட்டுகளும் டம்ளர்களும் குழம்பும் காபியுமாக முண்டியடித்து ஏறின. இடம் நிறைந்ததும் இயந்திரம் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஒரு முறை ஓடியது.

"பாதிக்கு மேல் மிச்சம்!" என்று மாடியிலிருந்து தொட்டி கூவியது. இயந்திரத்தின் காதில் அது விழவில்லை. தன்னிடமிருந்து முதன்முறையாகக் கலங்கலாக வெளியேறிய தண்ணீரை அது பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தது.